வில்லுப்பாட்டுக் கேசட் முதல் டோரன்ட் வரை: வாசகர் கேள்வி பதில்

குமரி மாவட்டத்திலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்கள் இரண்டே வகை. பழைய கேசட்டையும் சிடியையும் எப்படிக் காப்பாற்றுவது என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். இணையத்தில் சுற்றும் படங்களை இறக்கலாமா, எப்படி இறக்குவது என்று மீதிப் பேர். இரண்டுக்கும் கருவிகள் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறோம்.

கே: எங்க ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில 1991இல் பாடின வில்லுப்பாட்டு ஆறு கேசட்டுல இருக்கு, எல்லாம் 90 நிமிஷம் ஓடுற சி90. பாடின புலவர் இப்ப இல்ல. ஒரு கடையில குடுத்து எம்பி3 ஆக்கி வாங்கினோம். கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி கேக்குது. கேசட்டே போயிடுச்சா? (வாசகர், கல்குளம் வட்டம்)

கேசட் போயிருக்க வாய்ப்புக் குறைவு. 'கிணற்றுக்குள்' என்று நீங்கள் சொல்லும் சத்தம் பெரும்பாலும் இரைச்சல் நீக்கியை அளவுக்கு மீறிப் போட்டதால் வருவது. அதன் மேல் குறைந்த பிட்ரேட்டில் எம்பி3 ஆக்கினால் ஜால்ராவும் உடுக்கும் குழைந்துவிடும். கேசட்டிலிருந்து மறுபடியும் எடுங்கள்.

முதலில் கேசட்டை ஒரு தடவை கடைசி வரை முன்னோட்டி, திரும்பப் பின்னோட்டுங்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்த நாடா சுருளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே ஓடவிட்டால் வேகம் தத்தளிக்கும். நாடாவைத் தலையோடு அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் சத்தம் வந்து வந்து போகும். ஐந்து திருகு உள்ள நல்ல காலிக் கேசட் ஒன்றைத் திறந்து, இரண்டு சுருளையும் அப்படியே அதற்குள் மாற்றிவிடுங்கள். திருகில்லாமல் ஒட்டிய கூடு என்றால், விளிம்பின் கோட்டில் மெல்லிய கத்தியை நுழைத்து, நாடாவில் படாமல் பிளக்க வேண்டும்.

டேப் ரெக்கார்டரின் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பழுப்பு நிறம் வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம், ரப்பர் காய்ந்து வெடிக்கும். சோப்புத் தண்ணீர் லேசாகத் தொட்டுத் துடைத்தால் போதும்.

அடுத்தது பலரும் தவறவிடும் இடம். கொடையில் பதிந்த ரெக்கார்டரின் தலை நின்ற சாய்வும், இப்போது ஓட்டும் டெக்கின் தலை நிற்கும் சாய்வும் ஒன்றாக இருக்காது. அந்தச் சாய்வு மாறினாலே மேல்சுருதி எல்லாம் மங்கிவிடும். ஓட்டும்போது தலையின் ஒரு பக்கம் இருக்கும் திருகைப் பாருங்கள். அடியில் சிறு சுருள்வில் இருப்பதுதான் சாய்வுத் திருகு. பழைய நிலையை மையால் குறித்துவிட்டு, பாட்டு ஓடும்போதே அங்குமிங்கும் கால் திருப்பு வரை மெதுவாகத் திருப்புங்கள். ஜால்ரா எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். இந்த ஒரு வேலையால் கிடைக்கும் தெளிவை எந்த மென்பொருளாலும் தர முடியாது. ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் தனியாகச் செய்யுங்கள்.

டெக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் வழியும் முக்கியம். லேப்டாப்பில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே ஓட்டைதான் இருக்கும். அதில் செருகினால் மைக் வழியில்தான் போகும். சத்தம் மோனோவாகி, பெருக்கப்பட்டுக் கிழியும். லைன்‑இன் என்று எழுதியுள்ள யூஎஸ்பி ஒலி அட்டை வாங்குங்கள். டெக்கில் லைன்‑அவுட் இல்லையென்றால் ஹெட்போன் ஓட்டையிலிருந்து எடுக்கலாம், வால்யூம் பாதியளவில் இருக்கட்டும். இரைச்சல் குறைக்கும் டால்பி பொத்தான் அணைந்திருக்க வேண்டும். கையடக்க ரெக்கார்டரில் பதிந்ததில் டால்பி இருக்காது. அதைப் போட்டால் மேல்சுருதி வெட்டுப்படும்.

பதிய ஆடாசிட்டி போதும், இலவசம். 44,100 ஹெர்ட்ஸ், 24 பிட். உடுக்கும் குடமும் திடீரென்று எகிறும் என்பதால், உச்சம் மைனஸ் 10 டெசிபெல் அருகே நிற்கும்படி வையுங்கள். சினிமாப் பாட்டுக்கு வைக்கிற அளவை வைத்தால் 'தந்தனத்தோம்' என்று சொல்லி எழும் இடத்திலேயே வெட்டுப்பட்டுவிடும். அப்படி வெட்டுப்பட்டதைப் பிறகு சரிசெய்ய முடியாது. இந்த அளவில் ஒரு சி90 கேசட் சுமார் 1.4 ஜிபி வரும். ஃப்ளாக் வடிவில் சேமித்தால் ஏறக்குறைய பாதியாகும், ஒலியில் எதுவும் குறையாது. எம்பி3 எல்லாம் போனில் கேட்பதற்கு. மூலப்பிரதி ஃப்ளாக்கில் இருக்க வேண்டும்.

பாட்டு வேகமாகவும் கீச்சென்றும் ஓடினால், பதிந்த அன்று பேட்டரி இறங்கியிருந்தது என்று பொருள். எவ்வளவு குறைப்பது என்று காதால் ஊகிக்க வேண்டாம். கொடை மேடையில் மைக் செட் இருந்திருக்கும், அதன் மின்சார 'ம்ம்' ஒலி நாடாவில் விழுந்திருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே அந்த ஒலி 50லும் 100லும் இருக்க வேண்டும். யாரும் பாடாத ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, ஆடாசிட்டியின் அலைக்கற்றை வரைபடத்தை 65,536 அளவில் போட்டுப் பாருங்கள். 100 இருக்க வேண்டிய மேடு 104இல் இருந்தால், வேகத்தை 100ஐ 104ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது 0.962க்கு, மாற்றுங்கள். புலவரின் குரல் அதன் சுருதிக்கு வந்துவிடும். பேட்டரி போகப் போக இறங்கியிருக்கும் என்பதால் கால் மணிக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

இரைச்சல் நீக்குவது கடைசி வேலை. பேச்சில்லாத இரண்டு விநாடியை மாதிரியாகக் கொடுத்து, 6 டெசிபெல் மட்டும் நீக்குங்கள். 12ஐத் தாண்டினால் மறுபடியும் கிணறுதான். நீக்காத மூலக் கோப்பைத் தனியாக வைத்திருங்கள். ஓலைச்சுவடியிலும் சிலரின் நினைவிலும் மட்டும் இருக்கும் கதைகள் வில்லுப்பாட்டில் நிறைய உண்டு. உங்கள் ஆறு கேசட்டில் உள்ள பாடம் வேறெங்கும் இல்லாமலே இருக்கலாம். பாடினவரின் குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, ஊர்ப்பெயர், ஆண்டு, கதையின் பெயர், பக்கவாத்தியக்காரர்கள் பெயர் எல்லாவற்றையும் எழுதி, இலவச இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றி வையுங்கள் என்று வேண்டிக்கொள்கிறோம்.

கே: எங்க கல்யாண வீடியோ விஎச்எஸ் கேசட், 1996. கேசட்டின் ஜன்னல் வழியா பாத்தா நாடாவின் ஓரத்தில் வெள்ளையா மாவு மாதிரி இருக்கு. சவூதியில இருந்து மாமா கொண்டு வந்த இன்னொரு கேசட் கறுப்பு வெள்ளையாத்தான் தெரியுது. என்ன செய்யலாம்? (வாசகி, குளச்சல்)

வெள்ளை மாவு பூஞ்சை. அந்தக் கேசட்டை எந்த விசிஆரிலும் போடாதீர்கள். ஒரு நிமிடம் ஓடினாலும் பூஞ்சை தலையில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். இரண்டு பருவமழையும் கடற்காற்றும் சேர்ந்த நம் மாவட்டத்தில் இது வராத கேசட்தான் அபூர்வம்.

முதலில் காய வையுங்கள். வெயிலில் வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் கால் கிலோ சிலிக்கா ஜெல்லோடு இரண்டு வாரம் மூடி வையுங்கள். ஈரம் போனால் பூஞ்சை பொடியாகிவிடும். பிறகு வெளித் திண்ணையில், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ஐந்து திருகைக் கழற்றி, சுருளின் ஓரத்தை மெல்லிய தூரிகையால் துடையுங்கள். அடுத்து நாடாவை முழுக்க ஒருமுறை ஓட்டித் துடைக்க வேண்டும். இதற்கென்றே பழைய விசிஆர் ஒன்றை ஒதுக்கி, நாடா வரும் பாதையில் மைக்ரோஃபைபர் துணித் துண்டைப் பிடித்தபடி ஓட்டுவார்கள். அந்த விசிஆரை மறுபடி படம் பார்க்கப் பயன்படுத்தக் கூடாது.

படம் எடுக்கும் விசிஆரின் உருளைத் தலையைச் சுத்தம் செய்யப் பஞ்சுக்குச்சி ஆகவே ஆகாது. பஞ்சு இழை தலை முனையில் மாட்டி அதை உடைத்துவிடும். வெள்ளைத் தாளை மடித்து ஆல்கஹாலில் நனைத்து, உருளையின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் உருளையைச் சுற்றுங்கள். தாளை மேலும் கீழும் தேய்த்தால் அன்றோடு தலை போய்விடும்.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது, நம்மூர் கேசட் பால் (PAL) என்னும் வண்ண ஒளிபரப்பு முறை. 720க்கு 576, நொடிக்கு 25 படம். விலை குறைந்த யூஎஸ்பி பிடிப்புக் கருவிகளில் அடிக்கடி நடப்பது, நாடா நடுங்குகிற இடங்களில் படங்களை விட்டுவிடுவது. அதனால் பத்து நிமிடம் கழித்துப் பேச்சும் வாயும் பொருந்தாது. விசிஆருக்கும் கருவிக்கும் நடுவில், சிக்னலை நிலைப்படுத்தி அனுப்பும் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை வைத்தால் இது பெரும்பாலும் தீரும். டி‑வி (DV) என்னும் டிஜிட்டல் வீடியோ வடிவில் பிடித்தால் மணிக்கு சுமார் 13 ஜிபி. பிறகு எச்.264ஆக மாற்றும்போது 8 மெகாபிட் வைத்தால் மணிக்கு 3.6 ஜிபி. வீடியோ மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் இடைவரி நீக்கியைப் போடாவிட்டால், கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும்.

மாமா கொண்டுவந்த கேசட் டிவியிலிருந்து பதிந்ததாக இருக்கும். சவூதியில் அன்று ஒளிபரப்பு சீகாம் (SECAM) என்னும் வேறு முறை. பால் மட்டும் படிக்கும் விசிஆரில் அது நிறமில்லாமல்தான் தெரியும், கேசட்டில் குறையில்லை. வளைகுடாவில் விற்ற பலமுறை விசிஆர்களில் மீசீகாம் என்று ஒரு நிலை உண்டு. அப்படி ஒன்று உறவுக்காரர் வீட்டுப் பரணில் கிடக்கிறதா என்று கேளுங்கள்.

கே: 2003 கல்யாண விசிடியை ஹார்ட் டிஸ்கில காப்பி பண்ணினா பாதியில 'சைக்ளிக் ரிடன்டன்சி' எரர் வந்து நிக்குது. ஆனா பிளேயர்ல ஓடுது. ஏன்? (வாசகர், மார்த்தாண்டம்)

விசிடியில் படம் எழுதும் முறையே காரணம். சாதாரண சிடியில் ஒவ்வொரு துண்டிலும் பிழை திருத்தும் கணக்குக்கு இடம் ஒதுக்குவார்கள். விசிடியில் அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். ஒரு கீறல் விழுந்தால் பிளேயர் ஒரு நொடி சதுரம் சதுரமாகக் காட்டிவிட்டுத் தாண்டிப் போகும். விண்டோஸ் அப்படித் தாண்டாது, காப்பியையே நிறுத்திவிடும்.

தட்டை மெல்லிய ஈரத்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கக் கூடாது. இன்னொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். படிக்கும் திறன் டிரைவுக்கு டிரைவு மாறும். அதற்கும் மசியாவிட்டால் ஐசோபஸ்டர் மென்பொருளைக் கொண்டு, படிக்க முடியாத துண்டுகளை விட்டுவிட்டு மற்றதை எடுக்கச் சொல்லுங்கள். லினக்ஸ் என்றால் விசிடி இமேஜர் உண்டு. விசிடியில் படம் இருக்கும் டாட் (DAT) கோப்பை வெறுமனே எம்பிஜி என்று பெயர் மாற்றினால் விஎல்சி பிளேயரில் ஓடும், டிவியில் ஓடாது. டாட் கோப்பின் தலையிலும் ஒவ்வொரு துண்டிலும் சிடிக்கான கூடுதல் தகவல் ஒட்டியிருக்கும், அதை நீக்க வேண்டும். மேலே சொன்ன இரண்டு கருவியும் அதைச் செய்யும்.

கிடைப்பது 352க்கு 288 படம்தான். அதை 'எச்டி' ஆக்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள். கோப்பு பெரிதாகுமே தவிர முகம் தெளியாது. மூல எம்பெக் கோப்பை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

கே: மலையாளப் படம் ரிலீஸ் ஆன அன்னைக்கே டெலிகிராமில் வருது. பிரெண்ட்ஸ் எல்லாம் இறக்குறானுவ. உள்ளபடி சொல்லுங்க, மாட்டுவோமா? வைரஸ் இல்லாம இறக்க வழி உண்டா? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

உள்ளபடியே சொல்கிறோம், தம்பி. அதற்கு வழி சொல்ல மாட்டோம். ஏன் என்பதை மட்டும் சொல்கிறோம்.

முதல் நாள் வருவது தியேட்டரில் கேமரா வைத்து எடுத்தது. 2023இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி, அப்படி எடுப்பவருக்கும் பரப்புபவருக்கும் குறைந்தது 3 மாதம், அதிகம் 3 ஆண்டு சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கி, படத்தின் கணக்குத் தணிக்கை செய்த மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகும். டிஜிட்டல் புரொஜெக்டர்கள் எந்தத் திரை, எந்த நேரம் என்பதைக் கண்ணுக்குத் தெரியாத குறியாகப் படத்திலும் ஒலியிலும் கலந்து ஓட்டுகின்றன. கேமராவில் எடுத்த மங்கல் பிரதியிலிருந்தும் அந்தக் குறியைப் படித்துவிடுவார்கள். உங்களுக்கு வந்த கோப்பை நீங்கள் இன்னொரு குழுவுக்கு அனுப்பினால், நீங்களும் பரப்புபவர்தான். பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் அதற்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை.

வைரஸ் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. எங்கிருந்து எந்தக் கோப்பு வந்தாலும் பயன்படும் என்பதால் சொல்கிறோம். விண்டோஸ் கோப்பின் கடைசிப் பெயரை மறைத்து வைக்கிறது. எக்ஸ்புளோரரில் 'வியூ' பகுதிக்குப் போய், கோப்புப் பெயரின் விரிவைக் காட்டும்படி வையுங்கள். அப்போதுதான் எம்பி4 என்று தெரிந்தது உண்மையில் எம்பி4க்குப் பின்னால் இஎக்ஸ்இ வைத்தது என்று தெரியவரும். இரண்டு மணி நேரப் படம் 3 எம்பியில் வராது. 'பார்க்க இந்த கோடெக்கைப் போடு', 'இந்த ஆப்பை நிறுவு', 'கடவுச்சொல் இந்தத் தளத்தில் கிடைக்கும்' என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். விஎல்சியில் ஓடாத படத்துக்குத் தனி கோடெக் என்று ஒன்று தேவையே இல்லை. கடவுச்சொல் போட்ட ஜிப்புக்குள் ஆன்டிவைரஸ் எட்டிப் பார்க்க முடியாது, அதற்காகத்தான் கடவுச்சொல் வைக்கிறார்கள். போனில் ஏபிகே என்னும் ஆப் கோப்பை யாரிடமிருந்தோ வாங்கி நிறுவினால், உங்கள் எஸ்எம்எஸ் அனுமதி கேட்கும். பாங்கு ஓடிபி அந்த வழியாகத்தான் போகும்.

கே: டோரன்ட் மென்பொருள் வைச்சிருந்தாலே குத்தம்னு ஒருத்தர் சொன்னார். நான் லினக்ஸ் இறக்கத்தான் வைச்சிருக்கேன். இங்க மலையோரத்துல நெட் அடிக்கடி கட் ஆகுது. (வாசகர், குலசேகரம்)

குற்றமில்லை. பிட்டோரன்ட் 2001இல் பிராம் கோஹன் எழுதிய ஒரு கோப்பு அனுப்பும் முறை, அவ்வளவுதான். உபுண்டு, டெபியன், லிப்ரேஆபிஸ் எல்லாம் அதிகாரபூர்வமாகவே டோரன்ட் தருகின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவில் பெரும்பாலான தொகுப்புகளுக்கு டோரன்ட் உண்டு. அங்கே வேறு யாரும் பகிராவிட்டாலும் அவர்களுடைய சர்வரே கொடுக்கும்.

நெட் அறுபடும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. பிரவுசரில் 4 ஜிபி இறக்கும்போது கரண்ட் போனால் பல சமயம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். டோரன்ட்டில் கோப்பு சிறு துண்டுகளாக வரும். ஒவ்வொரு துண்டுக்கும் ஹாஷ் என்னும் கைரேகை உண்டு, பொருந்தாத துண்டு மட்டும் மறுபடி வரும். கரண்ட் போய் வந்த பிறகு சந்தேகமிருந்தால் 'மீண்டும் சரிபார்' என்பதை அழுத்துங்கள்.

விளம்பரமில்லாத க்யூபிட்டோரன்ட் போதும். அதில் முதலில் மாற்ற வேண்டியது மேலேற்ற வேகம். அதைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் மேலேறும் வழி அடைத்துக்கொள்ளும். 'வந்து சேர்ந்தது' என்று உங்கள் கம்ப்யூட்டர் சொல்லும் சேதிகூடப் போகாமல் இறக்கமும் மந்தமாகும். உங்கள் மேலேற்றம் 10 எம்பிபிஎஸ் என்றால் அது நொடிக்கு 1,250 கிலோபைட். அதில் எண்பது சதவீதம், அதாவது 1,000 என்று வையுங்கள். இறக்குகிற இடம் பென் டிரைவாக இருக்கக் கூடாது. துண்டு துண்டாக எழுதி எழுதியே அது சீக்கிரம் போய்விடும்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். டோரன்ட்டில் நீங்கள் இறக்கும்போதே மற்றவருக்கு ஏற்றியும் கொடுக்கிறீர்கள், உங்கள் ஐபி முகவரி அந்தக் கூட்டத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும். லினக்ஸுக்கு அது பெருமை. இறக்கி முடிந்த பிறகும் ஓரிரு நாள் திறந்து வையுங்கள், அடுத்தவருக்கு உதவும். உரிமை உள்ள படத்துக்கு அதுவே உங்கள் மேல் வழக்குப் போட ஆதாரம்.

கே: நாங்க எடுத்த குறும்படத்துல பாதி மலையாளம். தமிழ் சப்டைட்டில் லேப்டாப்பில் நல்லா வருது, டிவியில போட்டா கட்டம் கட்டமா, சில டிவியில 'கொ' எழுத்து பிரிஞ்சு வருது. கடைசியில நேரமும் பொருந்தல. (வாசகர், களியக்காவிளை)

மூன்று கோளாறு, மூன்று மருந்து. கட்டம் வந்தால் கோப்பு யூடிஎஃப்‑8 என்னும் யூனிகோடு குறியாக்கத்தில் இல்லாமல் இருக்கலாம், அல்லது அந்த டிவியில் தமிழ் எழுத்துரு இல்லாமல் இருக்கலாம். நோட்பேடில் திறந்து, சேமிக்கும்போது குறியாக்கத்தை யூடிஎஃப்‑8 என்று மாற்றுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சியிருந்தால் இது போதாது, முதலில் யூனிகோடாக மாற்ற வேண்டும்.

கொம்பு பிரிவது டிவியின் குறை. பல டிவிகளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. கொம்பையும் காலையும் வந்த வரிசையில் வைத்துவிடும். திரையிடலுக்குப் போகும் பிரதியில் மட்டும் ஹேண்ட்பிரேக்கின் 'பர்ன்‑இன்' கொண்டு எழுத்தைப் படத்தோடே பதித்துவிடுங்கள். மூலத்தில் தனிக் கோப்பாகவே இருக்கட்டும்.

நேரம் தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு தள்ளியிருந்தால் விஎல்சியில் ஜி, எச் விசைகளை அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு அழுத்துக்கும் 50 மில்லிநொடி நகரும். நீங்கள் சொல்வது போலப் போகப் போக விலகினால் பட வேகம் மாறியிருக்கிறது. 23.976 வேகத்தில் எடுத்த படத்தை 25க்கு மாற்றினால் ஒரு மணி நேரப் படம் 57 நிமிடம் 32 நொடியில் முடிந்துவிடும். சப்டைட்டில் எடிட் மென்பொருளில் 'பிரேம் ரேட் மாற்று' என்ற இடத்தில் இந்த இரண்டு எண்ணையும் கொடுத்தால் முழுக்கோப்பும் சரியாகும்.

கே: பென் டிரைவில் போட்ட வீடியோ டிவியில் படம் வருது, சத்தம் இல்ல. இன்னொண்ணு 4 ஜிபிக்கு மேல காப்பியே ஆகல. (வாசகர், தக்கலை)

ஒலி டிடிஎஸ் வடிவில் இருக்கும். பல டிவிகள் அதைப் படிப்பதில்லை. கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோவில் பார்த்து உறுதி செய்துகொண்டு, எவிடெமக்ஸ் என்னும் எடிட்டிங் மென்பொருளில் வீடியோவை 'காப்பி' என்றே விட்டுவிட்டு, ஒலியை மட்டும் ஏஏசி ஆக்குங்கள். வீடியோவை மறுபடி மாற்றாததால் சில நிமிடத்தில் முடியும், தரமும் குறையாது. காப்பி ஆகாதது பென் டிரைவ் ஃபேட்32 என்பதால். எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்யுங்கள். உள்ளே இருப்பது அழியும், முன்பே எடுத்து வையுங்கள்.

கே: பாட்டா காலத்துக் கவிமணி பாட்டுப் புத்தகம் ஒண்ணு வீட்டில் இருக்கு, தாள் உதிருது. ஸ்கேன் பண்ணி எல்லாருக்கும் குடுத்தா திருட்டா? பழைய இசைத்தட்டும் அப்படித்தானா? (வாசகி, சுசீந்திரம்)

கவிமணி விஷயத்தில் தாராளமாகக் கொடுக்கலாம். இந்தியாவில் எழுத்துக்கு உரிமை ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டு. உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1954இல் மறைந்தார். 2014 முடிவோடு அவர் பாடல்களின் உரிமைக்காலம் தீர்ந்தது. ஆனால் புத்தகத்தில் இன்னொருவர் எழுதிய முன்னுரையோ உரையோ இருந்தால் அதற்கு அவர் கணக்கு தனி.

இசைத்தட்டுக்கும் திரைப்படத்துக்கும் கணக்கு வேறு. வெளியான அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டு. 1962இல் வந்த தட்டின் பதிவுரிமை 2022 டிசம்பரில் முடிந்தது. அதிலுள்ள பாட்டை எழுதியவரும் மெட்டமைத்தவரும் பின்னாளில் மறைந்திருந்தால் அவர்களுடைய உரிமை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மூன்றையும் பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

ஸ்கேனுக்கு 300 டிபிஐ, நிறத்தில் எடுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மங்கிய புள்ளிகள் மறைந்து மெய்யெல்லாம் உயிர்மெய்யாகிவிடும். முதுகு வெடிக்கும் புத்தகத்தைக் கண்ணாடியில் அழுத்தாமல், பாதி திறந்த நிலையில் போனால் மேலிருந்து படமெடுப்பது நல்லது. கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் பழைய வடிவில் இருக்கும். அங்கேதான் தடுமாறும், ஒவ்வொன்றாக மெய்ப்புப் பாருங்கள். முடித்ததை தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்துக்கோ தமிழ் விக்கிமூலத்துக்கோ கொடுக்கலாம். ஏற்கெனவே அங்கே இருக்கிறதா என்று முதலில் தேடிவிடுங்கள்.

கே: காசு குடுத்து வாங்கின ஆடியோ சிடியை போனில் ஏத்திக் கேட்டா தப்பா? (வாசகர், அருமனை)

சொந்தப் பயனுக்கு என்றால் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. குழுவில் பகிர்ந்தால் தராது. பூட்டுப் போட்ட படத்தட்டு வேறு கதை. உரிமையை மீறும் நோக்கத்தில் பூட்டை உடைப்பதை 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு தண்டிக்கிறது, இரண்டு ஆண்டு வரை சிறை.

கே: எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்கில ஏத்திட்டோம். வீடு கடற்கரையில இருந்து கூப்பிடு தூரம். ஏற்கெனவே ஒரு டிஸ்க் துருப்பிடிச்சுப் போச்சு. (வாசகர், முட்டம்)

ஒரே டிஸ்கில் இருப்பதை 'காப்பாற்றியது' என்று எண்ண வேண்டாம். இரண்டு ஹார்ட் டிஸ்க், முடிந்தால் வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு நேரத்தில் வாங்கியது. மூன்றாவது பிரதி கடலிலிருந்து உள்ளே தள்ளி, தோவாளைப் பக்கமோ வேறு எங்கோ, உப்புக்காற்று எட்டாத சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். எஸ்எஸ்டியையும் பென் டிரைவையும் இதற்கு நம்பாதீர்கள். மின்சாரம் தொடாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அவற்றில் உள்ளது கரைந்து போகலாம்.

டிஸ்க்கை ஜிப் உறையில் போட்டு, மூடி இறுகும் எவர்சில்வர் சம்படத்தில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் ஈரம் நிறைந்துவிட்டது, மாற்றுங்கள் அல்லது 120 டிகிரி அவனில் காய வையுங்கள். நீல நிற ஜெல்லில் கோபால்ட் நஞ்சு இருப்பதால் சமையல் சட்டியில் வறுக்கவே கூடாது. யூஎஸ்பி முனையில் பச்சை படிந்தால் செருகாதீர்கள், ஆல்கஹாலில் துடைத்துக் காய்ந்த பிறகு செருகுங்கள்.

ஏற்றி முடித்த அன்றே செவன்‑ஜிப்பில் கோப்புறையை வலச்சொடுக்கி எஸ்எச்ஏ‑256 கைரேகைக் கோப்பு ஒன்று எடுத்து, மூன்று பிரதியோடும் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஸ்க்கைச் செருகி அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு கோப்பு பொருந்தவில்லையென்றால், வேறு எதையும் தொடாமல், அந்தக் கோப்பை மட்டும் மற்ற டிஸ்கிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, பிழை காட்டிய டிஸ்க்குக்குப் பதில் புதிது வாங்க ஏற்பாடு செய்யுங்கள்.